இல்லத்தில் ஆலயம் கண்ட அன்னமாசார்யர்

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் தமிழக யாத்ரிகர்களில் பலர், காணிப்பாக்கத்தில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீவரசித்தி விநாயகரைத் தரிசித்த பின்னரே மேலே பயணத்தைத் தொடர்கின்றனர். கண்பார்வை இல்லாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேச இயலாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் முற்காலத்தில் அங்கே சிறிதளவு நிலத்தை ஒற்றுமையுடன் பயிரிட்டு வாழ்ந்தனர் என்கிறது தலவரலாறு. ஒருமுறை அவர்களுடைய கிணறு வற்றிப்போயிற்று. நீருக்காக மேலும் தோண்டியபோது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து குருதி பெருகிற்று. கிணறு முழுவதும் செந்நிறமாயிற்று. அக்கணமே மூவரின் குறைகளும் நீங்கின. விநாயகப் பெருமான் அங்கே சுயம்புவாக வெளிப்பட்டார். திரண்டு வந்த ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலம் அளவுக்குப் பரவியதால் அவ்வூருக்குக் காணிப்பாக்கம் என்ற பெயர் வந்ததாம். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் குலோத்துங்க சோழன் அங்கே ஆலயம் எழுப்பினான் என்பர்.

ஆலயத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயர் பாஹுதா. கரங்களை அளித்தவள் என்பது அதன் பொருள். சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்களின் கதை அந்நதியோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அண்ணனுடைய மரத்தின் கனியைக் கேளாமல் உண்டதற்காக அரசனிடம் தண்டனை பெற்றுக் கைகளை இழந்த லிகிதர், இந்நதியில் நீராடி அவற்றைத் திரும்பப் பெற்றார்.

இரண்டுமே குடும்பக் கதைகள். ஒன்றில் உடன்பிறந்தோர் சேர்ந்து உழைத்த கிணற்றடியில் இறைவன் தோன்றுகிறான். மற்றொன்றில் பசித்த தம்பிக்கு நதி அருள்கிறது. அன்றாட வாழ்வுக்கு நடுவிலேயே இறையருள் வெளிப்படுகிறது என்னும் இவ்வுண்மையைத் தம் 95 ஆண்டு வாழ்வால் விளக்கிய மகான் ஒருவரும் திருவேங்கட மலையின் நிழலிலேயே வாழ்ந்தார். அவரே தாள்ளபாக்கம் அன்னமாசார்யர். தெலுங்கு மக்கள் அவரை அன்புடன் அன்னமய்யா என்று அழைக்கின்றனர்.

வேண்டிப் பெற்ற பிள்ளை

கடப்பைப் பகுதியில் ராஜம்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர் தாள்ளபாக்கம். அங்கே கோயில் கொண்டிருக்கும் சென்னகேசவப் பெருமாளை வழிபட்டு வந்த வைதிகக் குடும்பம் ஒன்றில் நாராயணய்யா என்ற சிறுவர் இருந்தார். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. கல்வி கற்பதற்காக ஊட்டுகூருக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே ஆசிரியர் தந்த கடும் தண்டனைகளைத் தாள முடியாமல் மனம் உடைந்தார். ஊர் எல்லையில் இருந்த சிந்தலம்மன் கோயிலுக்குச் சென்று, அங்கிருந்த பாம்புப் புற்றுக்குள் கையை விட்டு உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். அப்போது கிராம தேவதையான அன்னை காட்சி தந்து தடுத்தாள். சென்னகேசவனைச் சரணடையுமாறு கூறி, அவருடைய மூன்றாம் தலைமுறையில் பெரும் பக்தர் ஒருவர் பிறப்பார் என்றும் அருளினாள். வகுப்பில் தோற்று, வாழவே தகுதியற்றவனென்று தன்னை எண்ணிக்கொண்ட ஒரு பிள்ளையின் உயிர் அன்று காப்பாற்றப்பட்டிராவிட்டால், பின்னாளில் உலகம் அன்னமாசார்யரைப் பெற்றிராது.

அந்த நாராயணய்யாவின் மகன் நாராயணசூரி. அவருடைய மனைவி லக்கமாம்பா. நெடுநாள் பிள்ளைப்பேறு இல்லாமல் வருந்திய இத்தம்பதியர் திருமலைக்குச் சென்று கொடிமரத்தருகே விழுந்து வணங்கியபோது, ஒளி வீசும் வாள் ஒன்று தங்களிடம் தரப்படுவதுபோல் கண்டனர். திருமாலின் நந்தகம் என்னும் வாளின் அம்சமாகவே 1408-ஆம் ஆண்டு வைகாசி விசாகத்தன்று அன்னமய்யா அவதரித்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

புல்லறுக்கப் போன சிறுவன்

இவ்வாறு தவமிருந்து பெற்ற பிள்ளையாயினும், பெரிய கூட்டுக் குடும்பத்தில் அவனுக்கென்று தனிச்சலுகை ஏதும் இல்லை. எந்நேரமும் பாட்டும் பரவசமுமாக இருந்த சிறுவன் வீட்டாருக்கு ஒரு புதிராகவே இருந்தான். தந்தை ஒரு வேலையைச் சொன்னால், தமையன்மார் மற்றொன்றைச் சொல்வர். மதனிமார் வேறொன்றை ஏவுவர். வேலை செய்யாமல் பாடித் திரிகிறான் என்ற குறையும் எழுந்தது.

ஒருநாள் மாட்டுக்குப் புல் அறுத்து வரும்படி அவனை அனுப்பினர். காட்டில் தன்னை மறந்து பாடிக்கொண்டே புல்லறுத்தபோது அரிவாள் அவனுடைய சிறுவிரலைக் கிழித்துவிட்டது. குருதி வழிந்தது; வலி தாங்கவில்லை. ஆறுதல் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. உறவு என்பதெல்லாம் இவ்வளவுதானா என்ற எண்ணம் அச்சிறுவனின் உள்ளத்தில் எழுந்தது. அந்நேரத்தில் கோவிந்த நாமத்தைப் பாடியவாறு திருமலைக்குச் செல்லும் யாத்ரிகர் கூட்டம் ஒன்று அவ்வழியே வந்தது. அரிவாளை அங்கேயே விட்டுவிட்டு அவன் அக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

பிற்காலத்தில் வீட்டு வாழ்வின் ஒவ்வொரு செயலையும் இறைவனுக்குரிய பாடலாக்கியவர், இளமையில் வீட்டு வேலையிலிருந்து தப்பி ஓடியவரே! இது கவனிக்கத்தக்கது. நன்றியுணர்வு அவருக்குப் பிறவியிலேயே எளிதாகக் கிடைத்துவிடவில்லை. காயம்பட்டு, விலகி, பிறகு திரும்பி வந்து பெற்ற செல்வம் அது.

பசி தீர்த்த அன்னை

திருப்பதியை அடைந்த சிறுவன் முதலில் ஊர்க்காவல் தெய்வமான கங்கம்மாவை வணங்கினான். கங்கம்மாவை வேங்கடேசப் பெருமாளின் தங்கையென்று அப்பகுதி மக்கள் போற்றுகின்றனர். இன்றும் கங்கம்மா திருவிழாவின்போது திருமலையிலிருந்து அண்ணன் வீட்டுச் சீராகப் புடவையும் மஞ்சள் குங்குமமும் வருகின்றன. ஏழுமலையானையும் ஒரு குடும்பத்தாராகவே பார்க்கும் ஊருக்குத்தான் அச்சிறுவன் வந்து சேர்ந்திருந்தான்.

பிறகு மலையேறத் தொடங்கினான். வழக்கம் அறியாததால் காலணியுடனேயே ஏறினான். பசியும் களைப்பும் மேலிட, செங்குத்தான முழங்கால் மேட்டருகே ஒரு மூங்கில் புதரின் அடியில் சுருண்டு படுத்துவிட்டான். அப்போது அலர்மேல்மங்கைத் தாயார் ஒரு மூதாட்டியின் வடிவில் வந்து அவனை எழுப்பினாள். இது பகவானின் திருமேனியேயான மலை, காலணியைக் கழற்றிவிட்டு நட என்று அறிவுறுத்திவிட்டு, தான் கொண்டுவந்திருந்த பிரசாதத்தை உண்ணக் கொடுத்தாள். வயிறு நிறைந்தது, கண் திறந்தது. அந்த நன்றியில் பிறந்ததே தாயாரை முன்னிட்டுப் பாடிய வேங்கடேச சதகம். அதை அங்கேயே அவன் பாடியதாக வரலாறு கூறுகிறது.

அன்னமய்யாவின் முதல் ஞான அனுபவம் ஒரு பிடி அன்னத்தோடு வந்தது. பசித்தவனுக்குச் சோறிட்டு, அன்போடு தவற்றைத் திருத்தி, மேலே செல்ல வழிகாட்டும் ஒரு பாட்டியிடம் அவர் தெய்வத்தைக் கண்டார். வீட்டில் கிடைக்கவில்லை என்று அவர் ஏங்கிய பரிவு மலைப்பாதையில் கிடைத்தது. ஆயினும் அந்தப் பரிவு ஒரு வீட்டுத் தாயின் உருவிலேயே வந்தது.

மீண்டும் இல்லத்திற்கு

திருமலையில் கனவிஷ்ணு என்ற வைஷ்ணவப் பெரியவர் அன்னமய்யாவை ஏற்று, அவருக்குச் சமாச்ரயணம் செய்வித்தார். தாமிரப் பட்டயங்கள் தரும் செய்தியின்படி, 1424-ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், அவர் திருவேங்கடவன்மீது சங்கீர்த்தனங்கள் பாடத் தொடங்கினார்.

இதற்கிடையே தாள்ளபாக்கத்தில் பிள்ளையைக் காணாமல் லக்கமாம்பா தவித்துக்கொண்டிருந்தாள். சென்னகேசவனிடம் முறையிட்டாள், ஊர் ஊராக விசாரித்தாள். இறுதியில் மகன் திருமலையில் இருப்பதையறிந்து அங்கே வந்து சேர்ந்தாள். தாயைக் கண்ட அன்னமய்யாவுக்கோ தர்மசங்கடம். மலையை விட்டு இறங்க மனமில்லை. தாயின் கண்ணீரைத் தள்ளவும் இயலவில்லை. பகவானுக்கும் வீட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டதாகவே அவர் எண்ணினார். குருநாதரோ, தாயுடன் வீட்டுக்குத் திரும்புமாறு ஆணையிட்டார். அவருடைய வழிகாட்டுதலில் ஒரு பேருண்மை அடங்கியிருந்தது. பகவானை விட்டுவிட்டு வீட்டுக்குச் செல்லும்படி அவர் சொல்லவில்லை. பகவானுடன் சேர்ந்து வீட்டுக்குச் செல்லவே பணித்தார்.

அன்னமய்யா திரும்பினார். எந்த வீட்டின் ஏவல்களுக்கு அஞ்சி ஓடினாரோ அதே வீட்டில் மீண்டும் கால் வைத்தார். திருமலம்மா, அக்கலம்மா என்ற இருவரை அக்கால வழக்கப்படி மணந்து இல்லறம் ஏற்றார். பின்பு அஹோபிலத்தில் ஆதிவண் சடகோப யதியிடம் வேதாந்தம் பயின்றார். ஆழ்வார்களின் திவ்யப் பிரபந்தம் அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனை நீராட்டியும், தாலாட்டியும், நிலவைக் காட்டியும் பாடிய தமிழ் மரபு, அன்னமய்யாவின் மூலம் தெலுங்கில் புதிய வடிவம் பெற்றது.

அவருடைய இல்லத்தில் பெண்களும் கல்வியில் சிறந்து விளங்கினர். திம்மக்கா என்று அழைக்கப்பட்ட திருமலம்மா, சுபத்ரா கல்யாணம் என்ற காவியத்தைத் த்விபதை யாப்பில் இயற்றினார். தெலுங்கின் முதல் பெண் கவிஞர் என்று அவரைப் போற்றுகின்றனர். அர்ஜுனன்-சுபத்திரை திருமணத்தைப் பாடும் அந்நூல், திருமண வீட்டின் களிப்பும் பெண்களின் பேச்சும் நிறைந்தது. கணவர் கோயிலில் பாட, மனைவி வீட்டில் காவியம் புனைய, பிள்ளைகள் இரண்டையும் கேட்டு வளர்ந்தனர்.

அன்றாட வேலைகளின் இசை

அன்னமாசார்யர் மொத்தம் 32,000 சங்கீர்த்தனங்கள் இயற்றினார் என்பது மரபுச் செய்தி. 1424 முதல் 1503 வரையிலான நாட்களைக் கணக்கிட்டால், நாளுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் ஆகின்றன. ஒவ்வொரு நாளும் பகவானுக்கு ஒரு பாடலாவது சமர்ப்பிக்க வேண்டும் என்பது அவர் மேற்கொண்ட நியமம்.

இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து கிடைத்தது? அவரைச் சுற்றியிருந்த வாழ்விலிருந்தே கிடைத்தது. பெண்கள் உரலில் நெல் குத்தும்போது பாடும் சுவ்விப் பாட்டு, மார்கழியில் சிறுமியர் கைகொட்டிப் பாடும் கொப்பிப் பாட்டு, கோலாட்டப் பாட்டு, தொட்டிலை ஆட்டும் தாயின் தாலாட்டு, பிள்ளைக்குச் சோறூட்ட நிலவை அழைக்கும் பாட்டு, திருமணத்தில் மணமக்களை வாழ்த்தும் பாட்டு, மங்கள ஆரத்தி, வைகறையில் எழுப்பும் பாட்டு என்று மக்கள் நாவில் இருந்த மெட்டுகளையெல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். இலக்கணம் கற்ற பண்டிதர்கள் பொருட்படுத்தாத வடிவங்கள் இவை. அவற்றில் திருவேங்கடவனை எழுந்தருளச் செய்தார் அவர்.

அவர் காட்டும் இறைவன் வைகுந்தத்தில் மட்டும் வீற்றிருப்பவன் அல்லன். அவன் ஊஞ்சலாடுகிறான்; எண்ணெய் தேய்த்து நீராடுகிறான்; மனைவியோடு ஊடுகிறான், பிறகு கூடுகிறான். ஒரு பாடலில் மகாலட்சுமியே தன் கையால் கணவனுக்கு இலையில் பரிமாறுகிறாள். அப்பமும் வடையும் சர்க்கரையும் புதிதாய்க் காய்ச்சிய நெய்யும் அங்கே வரிசையாக வருகின்றன. அதைக் கேட்கும் இல்லத்தரசிக்குத் தன் அடுக்களையும் வைகுந்தத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும். அவளுடைய கணவன் உண்ணும் இலையிலும், குழந்தை உறங்கும் தொட்டிலிலும் ஒரு புனிதம் குடியேறும்.

பக்தர்கள் சொல்லி வரும் சிறு நிகழ்ச்சி ஒன்று உண்டு. எதை உண்டாலும் முதலில் பகவானுக்கு அர்ப்பணித்த பின்னரே உண்பது அன்னமய்யாவின் வழக்கம். ஒருமுறை ஒரு மாங்கனியை அவ்வாறு நிவேதித்த பிறகே அது புளிப்பு என்பதை அறிந்தார். பகவானுக்குப் புளிப்பை ஊட்டிவிட்டோமே என்று அவர் உருக, அம்மரம் அதுமுதல் இனிய கனிகளையே தந்ததாம். கனியின் சுவை தமக்கு இல்லையே என்று அவர் வருந்தவில்லை. தந்தவனுக்குத் திருப்பித் தந்தது நன்றாக இல்லையே என்றுதான் வருந்தினார். எளிய இன்பங்களை நன்றியோடு நுகர்வது என்பதன் இலக்கணம் இதுவே.

கசப்பையும் மறைக்காதவர்

இல்லறத்தைப் பாடினார் என்பதால் அதன் துன்பங்களை அவர் அறியாதவர் என்று கருதிவிடக் கூடாது. அவருடைய பாடல்களை ஆத்யாத்ம சங்கீர்த்தனங்கள், சிருங்கார சங்கீர்த்தனங்கள் என்று இரண்டாகப் பிரிப்பர். ஆத்யாத்ம சங்கீர்த்தனங்களில் வயிற்றுப்பாட்டுக்காக மனிதன் அலையும் அலைச்சல், ஆசைக்கு எல்லையின்மை, கழிந்துபோன நாட்களுக்கான ஏக்கம், உறவுகளின் நிலையாமை யாவும் ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன. அரிவாள் கிழித்த விரலின் தழும்பை அவர் மறந்துவிடவில்லை.

ஆனால் அத்துன்பங்களைக் கண்டு அவர் மனிதர்களை வெறுக்கவில்லை. பசியும் உறக்கமும் அரசனுக்கும் ஏவலாளுக்கும் பொதுவே. இருவரையும் தாங்கும் நிலமும் ஒன்றே. அனைத்தினுள்ளும் இருக்கும் பரம்பொருளும் ஒன்றே என்று தாளத்தோடு ஆடிப்பாடத்தக்க மெட்டில் அவர் பாடினார். சாதி வேற்றுமைகள் இறுகியிருந்த பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த குரல் அது. உறக்கம் என்பது எவருக்கும் கூலியின்றிக் கிடைக்கும் வரம். நாள் முழுதும் உழைத்தவன் ஓலைக் குடிசையில் பெறும் உறக்கம், அரண்மனைப் பஞ்சணையில் கிடைக்கும் உறக்கத்தைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. இருப்பதை எண்ணிப் பார்க்கும் இக்கண், துன்பத்தை நேராகப் பார்த்த பிறகே அவருக்குத் திறந்தது.

அரசனின் விலங்கு

அன்னமய்யாவின் புகழைக் கேள்வியுற்ற தங்குட்டூர்த் தலைவன் சாளுவ நரசிம்மன் அவருக்கு நண்பனானான். பரிசில்களும் மரியாதைகளும் அளித்தான். 1485-ஆம் ஆண்டு விஜயநகரப் பேரரசின் அரியணை ஏறியவன் இவனே. ஒருநாள் பெனுகொண்டாவில் அவையில் அமர்ந்து, அலர்மேல்மங்கையைக் குறித்து அன்னமய்யா பாடிய சிருங்காரப் பாடல் ஒன்றைக் கேட்டு அவன் மெய்மறந்தான். அதே போன்று தன்மீதும் ஒரு பாடல் பாடவேண்டும் என்று கேட்டான்.

அன்னமய்யா காதுகளைப் பொத்திக்கொண்டார். அரசன் செய்த உதவிகளை அவர் மறந்தவரல்லர். நட்பையும் உதவியையும் அவர் நன்றியோடு ஏற்றார். ஆயினும் நன்றி வேறு, துதி வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். மனிதர் தரும் எல்லாவற்றுக்கும் மூலமாக இருப்பவனுக்கே துதி உரியது. பகவானைப் பாடிய நாவால் மனிதனைப் பாட இயலாது என்று மறுத்துவிட்டார். சினங்கொண்ட அரசன் அவரைக் கனத்த சங்கிலியால் பிணித்துச் சிறையில் அடைத்தான்.

இல்லறத்தானுக்கு இது பெரும் சோதனை. இரு மனைவியர், பிள்ளைகள், அரசன் தந்த வாழ்க்கை வசதிகள் யாவும் ஒரு பாடலில் தொங்கிக்கொண்டிருந்தன. குடும்பத்தின் பொருட்டு இறங்கிப் போய்விடலாம் என்று எவருக்கும் தோன்றக்கூடிய தருணம். அன்னமய்யா இறங்கவில்லை. சிறையிலும் அன்றைய பாடலை ஆண்டவனுக்கே பாடினார். சங்கிலி தானே நெகிழ்ந்து விழுந்தது. அரசன் தன் தவற்றை உணர்ந்து மன்னிப்பு வேண்டினான். இந்த வரலாற்றை அவருடைய பேரரே காவியமாக்கியிருக்கிறார். அன்னமய்யா குடும்பத்தோடு திருமலைக்கே வந்து எஞ்சிய நாட்களைக் கழித்தார். புரந்தரதாசர் அவரைத் திருமலையில் சந்தித்து வணங்கியதாகவும் மரபு கூறுகிறது.

மகன் செலுத்திய கடன்

முதுமை நெருங்கியபோது அன்னமாசார்யர் தம் மகன் பெத்த திருமலாசார்யரை அழைத்து, நாளுக்கு ஒரு சங்கீர்த்தனமாவது பகவானுக்குச் சமர்ப்பிக்கும் நியமத்தை இனி அவர் தொடரவேண்டும் என்று ஒப்படைத்தார். நிலமோ பொன்னோ தருவதைப்போல் ஒரு கடமையைத் தந்தார். துந்துபி ஆண்டு பங்குனித் தேய்பிறைத் துவாதசியன்று, 1503-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அவர் திருவடி சேர்ந்தார்.

மகன் அந்த வாக்கைக் காப்பாற்றினார். தாமும் ஏராளமான சங்கீர்த்தனங்கள் இயற்றினார். அத்துடன் நில்லாமல், தந்தையின் பாடல்கள் ஓலைகளில் இருந்தால் அழிந்துவிடும் என்று எண்ணி அவற்றைத் தாமிரத் தகடுகளில் பொறிக்கச் செய்தார். அப்பணி அவருடைய மகன் சின்ன திருமலாசார்யர் காலத்திலும் தொடர்ந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் உருவாயின. திருமலைக் கோயிலின் உள்ளே உண்டியலுக்கு எதிரே ஒரு சிறு கல்லறையில் அவை வைக்கப்பட்டன. சங்கீர்த்தன பாண்டாரம் என்று அதற்குப் பெயர். அதன் இருபுறமும் தம்பூராவுடன் நிற்கும் உருவங்கள் அன்னமாசார்யரும் பெத்த திருமலாசார்யருமே என்பர்.

மற்றொரு பேரரான சின்னன்னா, பாட்டனாரின் வாழ்க்கையைத் த்விபதை யாப்பில் வடித்தார். புல்லறுத்த அரிவாளும், ஏவிய மதனிமாரும், தேடி வந்த தாயும் அந்நூலின் வழியாகவே பின்வந்தோருக்குத் தெரிந்தனர். குடும்பத்தின் பெருமையை எழுதும்போது, பாட்டனாரை வீட்டார் அன்று புரிந்துகொள்ளவில்லை என்ற குறையையும் அக்குடும்பத்தின் பேரர் மறைக்கவில்லை. அதுவும் ஒருவகை நன்றியே.

காலம் மாறியது, விஜயநகரம் வீழ்ந்தது. பாடல்கள் பொதுமக்கள் நினைவிலிருந்து மெல்ல மங்கின. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1922-இல், தாமிரத் தகடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா ஆகியோர் அவற்றைப் படித்துப் பதிப்பித்தும் இசையமைத்தும் அரும்பணி ஆற்றினர். 32,000 என்று சொல்லப்படுபவற்றில் ஏறத்தாழ 14,000 பாடல்களே இன்று கிடைத்துள்ளன. 1978-ஆம் ஆண்டு திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாசார்யர் பணித்திட்டத்தைத் தொடங்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரல் வழியாக அப்பாடல்கள் தமிழ் இல்லங்களின் காலைப் பொழுதுகளிலும் குடிபுகுந்தன.

ஒரு மகன் தந்தையிடம் கொண்ட நன்றியைச் செம்பில் எழுதி வைத்திராவிட்டால், இவற்றுள் பெரும்பகுதியை உலகம் இழந்திருக்கும்.

இன்றும் ஒலிக்கும் தாலாட்டு

தாள்ளபாக்கம் குடும்பத்தார் 1546-ஆம் ஆண்டு திருமலையில் பெருமாளுக்குத் திருக்கல்யாண உற்சவத்துக்கு ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. அலர்மேல்மங்கையைத் தம் வீட்டுப் பெண்ணாகவும் திருவேங்கடவனை மருமகனாகவும் அக்குடும்பம் கருதி வந்தது. எந்தத் தாயார் மலைப்பாதையில் பசித்த சிறுவனுக்கு அன்னமிட்டாளோ, அவளையே மகளாக்கித் தாரை வார்த்துக் கொடுத்தனர் அச்சிறுவனின் வழித்தோன்றல்கள். பெற்றதைத் திருப்பித் தரும் நன்றிக்கு இதைவிட அழகிய வடிவம் இருக்க இயலுமோ!

இன்றும் திருமலையில் இரவு நடை சாத்துவதற்கு முன் ஏகாந்த சேவை நடைபெறுகிறது. பெருமாளை வெள்ளித் தொட்டிலில் சயனிக்கச் செய்கின்றனர். அப்போது அன்னமாசார்யரின் வழிவந்தவர் தாலாட்டு இசைக்கிறார். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பா என்ற பக்தையின் பெயரால் முத்து ஆரத்தி எடுக்கப்படுகிறது. அன்னமய்யாவின் தாலாட்டு, வெங்கமாம்பாவின் முத்து ஆரத்தி என்றே அச்சேவை அறியப்படுகிறது. பகல் முழுதும் பல்லாயிரம் பேருக்கு அருள் வழங்கிய பெருமான், நாளின் முடிவில் ஒரு வீட்டுக் குழந்தையைப்போல் பாட்டுக் கேட்டு உறங்குகிறான்.

குடும்பம் என்பது ஆன்மிகத்துக்குத் தடை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஓயாத வேலை, புரிந்துகொள்ளாத உறவுகள், ஒருநாளைப்போல் மறுநாள் என்று சோர்வோர் பலர். அன்னமாசார்யரும் அச்சலிப்பை அறிந்தவரே. ஒருமுறை அதிலிருந்து ஓடியும் பார்த்தவரே. அவரைக் குருநாதர் திருப்பி அனுப்பியபோது வீடு மாறவில்லை, வேலைகளும் மாறவில்லை. மாறியது அவருடைய பார்வை. உரலின் ஓசை, தொட்டிலின் அசைவு, இலையில் விழும் நெய், களைத்த உடலுக்கு வரும் உறக்கம் ஆகிய அனைத்தும் தரப்பட்டவை என்று கண்டார். தந்தவனுக்கு நாளுக்கொரு பாடலால் நன்றி செலுத்தினார்.

பாடல் இயற்றும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் நாளின் முடிவில், அன்று உண்ட சோற்றையும், அதைச் சமைத்த கரங்களையும், வீட்டில் கேட்ட ஒரு சிரிப்பையும் நினைத்து இறைவனை வணங்குவது எவருக்கும் எளிது. நாளுக்கு ஒன்று என்ற அன்னமாசார்யரின் நியமத்தை இல்லறத்தார் ஒவ்வொருவரும் அவ்வாறு கடைப்பிடிக்கலாம். அவ்வணக்கம் நிலைத்த இல்லம், அவருடைய இல்லத்தைப்போலவே, திருவேங்கடவன் விரும்பி உறையும் ஆலயமாகும்.